டப்பாவில் 'லேப் டெஸ்டட்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை, ஜிம்முக்குப் போகிறீர்கள், ஆன்லைனில் வே புரதப் பொடி வாங்குகிறீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அஸ்வகந்தா கேப்ஸ்யூலும் வைட்டமின் டி மாத்திரையும் அனுப்புகிறீர்கள். மூன்றிலும் 'லேப் டெஸ்டட்' என்று அச்சடித்திருக்கிறது. பொடி டப்பாவில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு ரிப்போர்ட்டே திறக்கிறது. நம்பலாமா என்கிறீர்கள். சோதனை நடந்ததா என்பதை விட, அந்தக் காகிதத்துக்கும் உங்கள் கையில் இருக்கும் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் வேதியியல் படித்தவள். பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளில் பதினேழு வருடம் கியூசி-யில், அதாவது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், இருந்திருக்கிறேன். டாக்டர் இல்லை. எந்தப் பொடி சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். டப்பாவில் எழுதியது உள்ளே இருக்கிறதா என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

முதலில் சட்டம், இரண்டே வரியில். இந்தியாவில் இப்படி விற்கிற பொடியும் மாத்திரையும் பெரும்பாலும் மருந்துக் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-இல் இவற்றுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. 2018 ஜனவரி 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் இருக்கும் 14 இலக்க எண் அந்தக் கம்பெனிக்கு உரிமம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு பேட்ச்சையும் அரசாங்கம் சோதித்துப் பார்த்து விற்பனைக்கு விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. சோதிப்பது கம்பெனியின் பொறுப்பு. அதிகாரிகள் அவ்வப்போது கடையிலிருந்து சாம்பிள் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, தொழிற்சாலைக்குள் வாருங்கள். லாரியிலிருந்து டிரம் இறங்கியதும் மேலே மஞ்சள் லேபிள் ஒட்டுவார்கள். கியூசி பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். பாஸானால் பச்சை, தள்ளினால் சிவப்பு. எத்தனை டிரம்மைத் திறந்து சாம்பிள் எடுப்பது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டு. 25 டிரம் வந்தால் 6. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது சொன்ன பொருள்தானா என்று பார்க்கும் அடையாளச் சோதனைக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி ஆகாது. அதற்கு எல்லா டிரம்மையும் திறக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தடவை அஸ்வகந்தா எக்ஸ்ட்ராக்ட் 25 டிரம் வந்தது. நம் ஊரில் அமுக்கரா என்று சொல்கிற அதே வேர்தான். ஸ்டோர்ஸில் ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற அண்ணன் ஒருவர் இருந்தார். பத்தாவது வரை படித்தவர்; என்னை விடக் கூர்மையான மூக்கு. "மேடம், ஒன்பதாம் நம்பர் டிரம்ல அந்தக் குதிரை வாசனையே இல்ல, வந்து பாருங்க" என்றார். அஸ்வம் என்றால் குதிரை, பேரிலேயே வாசனை இருக்கிறது. நான் எடுத்திருந்த ஆறு சாம்பிளில் ஒன்பது கிடையாது. ஆறும் நன்றாகவே வந்திருந்தன, பச்சை லேபிள் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் சொன்னதற்காக ஒன்பதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் மற்றவற்றின் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். மற்றவை புள்ளி புள்ளியாக ஏறி நிற்கின்றன. இதில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. டிரம்மில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச்சத்துப் பொடி. சப்ளையர் "வேற ஆர்டரோட டிரம் மாறி ஏறிடுச்சு" என்றார். இருக்கலாம். அதற்குப் பிறகு நான் இருந்த இடங்களில் எல்லா டிரம்மும் திறக்கப்பட்டது, ஸ்டோர்ஸ்காரர்கள் முணுமுணுத்தாலும்.

அஸ்வகந்தாவைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு வாங்குவது அதுதான். லேபிளில் 'வித்தனோலைடு 5 சதவீதம்' என்று இருக்கும்; அஸ்வகந்தாவின் முக்கியமான சேர்மங்களுக்கு அதுதான் பேர். அதை அளக்க இரண்டு வழி புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, கரைப்பானில் பிரித்தெடுத்து, உலர்த்தி, எடை போடுவது. இதில் வித்தனோலைடோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்றவையும் எடையில் சேர்ந்துவிடும். இன்னொன்று எச்பிஎல்சி: ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளப்பது. ஒரே பொடியை எடை போட்டால் 5 வரும், எச்பிஎல்சி-யில் அதில் பாதி கூட வராமல் போகலாம். சப்ளையரும் நாங்களும் இதற்காகப் போனில் சண்டை போட்டிருக்கிறோம். இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. அதனால் சதவீதத்துக்குப் பக்கத்தில் எந்த முறை என்று எழுதாத லேபிளில் அந்த எண்ணுக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. வேரா இலையா என்பது அடுத்த கேள்வி. இலை மலிவு; வித்தஃபெரின் ஏ என்ற சேர்மம் இலையில் அதிகம். இலையைக் கலந்தால் மொத்த எண்ணை உயர்த்திக் காட்ட முடியும். 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதே இந்தப் பழக்கம் பரவியதால்தான். லேபிளில் 'வேர்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், மொத்தத்தை மட்டும் போடாமல் வித்தஃபெரின் ஏ அளவையும் தனியாகக் காட்டுகிற ரிப்போர்ட் கிடைத்தால் அந்தக் கம்பெனிக்கு விஷயம் தெரிகிறது என்று அர்த்தம்.

மூலிகையை டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். காய்ந்த வேருக்கும் இலைக்கும் அது நன்றாக வேலை செய்யும். எக்ஸ்ட்ராக்டுக்குச் சந்தேகம்தான். 2015-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பெரிய கடைகளில் விற்ற மூலிகை கேப்ஸ்யூல்களை டிஎன்ஏ முறையில் சோதித்து, பலவற்றில் சொன்ன செடியே இல்லை என்று அறிவித்தது. உலகமே பதறியது. ஆனால் துறையில் இருந்தவர்கள் உடனே கேட்ட கேள்வி: கொதிக்க வைத்து, கரைப்பானில் ஊறப்போட்டு, வடிகட்டி எடுத்த சாற்றில் டிஎன்ஏ எங்கே மிஞ்சும்? ரசத்தை வடித்துக் கொடுத்துவிட்டு அதில் துவரம்பருப்பு எந்த வயல் என்று கேட்பது போலத்தான். அந்தக் கேப்ஸ்யூல்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. பொருளுக்குப் பொருந்தாத சோதனை நல்லதைக் கெட்டதாகவும் காட்டும், கெட்டதை நல்லதாகவும் காட்டும்.

கெட்டதை நல்லதாகக் காட்டுவதற்குப் புரதப் பொடியை விட நல்ல உதாரணம் கிடையாது. புரதத்தை நேரடியாக அளப்பது கஷ்டம். அதனால் நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். பால் பொருளுக்கு 6.38. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை. அவர் பார்லி தானியத்துக்காகக் கண்டுபிடித்தது. இன்றைக்கும் உங்கள் டப்பாவில் இருக்கும் '24 கிராம்' பெரும்பாலும் அவர் வழியில் வந்ததுதான். இந்த முறைக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தை ஒரு கிராம் போட்டால், கணக்கில் ஒரு கிராமுக்கும் மேல், 1.17 கிராம் 'புரதம்' ஏறும். மெலமைன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளைப் போட்டால் ஒன்றுக்கு நாலு கிராம் காட்டும். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பொடியில் இதைத்தான் செய்தார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பால் 'டெஸ்ட்' பாஸாகியிருந்தது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது.

நம் சந்தையில் மெலமைன் அளவுக்கு யாரும் போவதை நான் கண்டதில்லை. கிளைசின், டாரின், கிரியேட்டின் கலந்து எண்ணை உயர்த்துவது நடக்கிறது. துறையில் அமினோ ஸ்பைக்கிங் என்பார்கள். கண்டுபிடிப்பது சிரமமில்லை, செலவுதான். பொடியை அப்படியே கரைத்துத் தனியாகத் திரியும் அமினோ அமிலங்களை ஒருமுறை அளக்க வேண்டும். பிறகு அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தை உடைத்து மொத்தத்தை ஒருமுறை அளக்க வேண்டும். முதல் எண் பெரிதாக இருந்தால் யாரோ தனியாகக் கொட்டியிருக்கிறார்கள். உங்கள் கியூஆர் ரிப்போர்ட்டில் புரதம் என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கிறதா, அமினோ அமிலப் பட்டியலும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் இருந்தால் லூசினைத் தேடுங்கள்: நல்ல வே புரதத்தில் 100 கிராம் புரதத்துக்கு 10 கிராம் அளவில் இருக்கும், அதாவது 24 கிராம் புரதத்துக்கு இரண்டரை கிராம் சுமாராக. ஒன்றரை என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். 2024-இல் கேரள மருத்துவர் ஒருவரின் தலைமையில் ஒரு குழு இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பொடிகளை வாங்கிச் சோதித்து வெளியிட்டது. கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. 36 என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து மொத்தச் சந்தையையும் எடைபோட முடியாது. ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அதைப் படித்து ஆச்சரியப்படவில்லை.

வைட்டமின் டி-யில் ஏமாற்று வேலை குறைவு, பொருளே மலிவு. அங்கே பிரச்சினை கலப்பது. லேபிளில் போடும் அளவு அலகு ஐயூ; 2000 ஐயூ என்றால் வெறும் 50 மைக்ரோகிராம். அரை கிராம் எடையுள்ள மாத்திரை நாலு லட்சம் செய்கிறீர்கள் என்று வையுங்கள்: மொத்தம் 200 கிலோ தூள், அதில் சுத்தமான வைட்டமின் டி 20 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை. புளியோதரையில் பெருங்காயம் ஒரே இடத்தில் கட்டியாக விழுந்தால் ஒருவர் இலையில் காரம், இன்னொருவர் இலையில் வெறும் சோறு, அதே கதைதான். அதனால் ஏற்கெனவே மாவில் நீர்த்துப்போட்ட வைட்டமினை வாங்கி, கொஞ்சம் தூளோடு கலந்து, அதை இன்னும் கொஞ்சத்தோடு, பிறகு மொத்தத்தோடு என்று படிப்படியாகக் கலப்பார்கள். பிளெண்டரின் மேல், நடு, அடி, மூலைகள் என்று பத்து இடத்தில் சாம்பிளிங் ராடு விட்டு எடுத்துப் பத்தும் ஒத்து வருகிறதா பார்ப்போம். ரொம்ப நேரம் சுற்றவிட்டாலும் நுண்ணிய தூள் பிரிந்து அடியில் இறங்கும். மாத்திரை இயந்திரத்துக்குத் தூள் இறங்கும் தொட்டி (ஹாப்பர்) காலியாகும் நேரத்தில் வருகிற கடைசி மாத்திரைகளை நான் எப்போதும் தனியாக எடுத்துச் சோதிப்பேன். தப்பு இருந்தால் அங்கேதான் தெரியும். உங்கள் ரிப்போர்ட் என்பது அந்த நாலு லட்சத்தில் இருபது மாத்திரையை அரைத்துக் கலந்து எடுத்த சராசரி. சராசரி 2000 என்று வந்தால் ஒவ்வொன்றும் 2000 என்று ஆகாது.

இன்னொன்று. வைட்டமின்கள் காலப்போக்கில் சிதையும். காலாவதி தேதி வரை லேபிள் அளவு நிற்க வேண்டும் என்பதால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூட்டிப் போடுவது எல்லா நல்ல கம்பெனியிலும் வழக்கம். புது டப்பாவில் 2400 வந்தால் அது தப்பில்லை. எல்லா வரியிலும் லேபிள் எண்ணே அச்சுப் பிசகாமல் வந்திருந்தால்தான் எனக்கு நெருடும். காலாவதி தேதியை 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். இரண்டு வருடம் நிஜமாகவே காத்திருந்து பார்க்கிறவர்கள் குறைவு. பெங்களூர் குளிரில் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சாம்பிள் எடுத்து வைக்கும் எங்கள் ரிட்டென்ஷன் அறை அலமாரியில் அழகாக இருக்கிற சாஃப்ட்ஜெல், மே மாதம் சென்னைக் கூரியர் கிடங்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வந்த புகார்களைப் பார்த்திருக்கிறேன்.

உலோகம், கிருமி இரண்டும் பெரிய அளவில் தீர்ந்துபோன விஷயங்கள். செய்தால் சரியாகத் தெரியும். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நாலையும் ஐசிபி-எம்எஸ் என்ற கருவி நூறு கோடியில் சில பங்கு வரை காட்டிவிடும். மண்ணில் விளைந்த எதிலும் ஈயம் துளியாவது இருக்கும், அதனால் எண் பூஜ்யமா என்று தேடாமல் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கிருமிச் சோதனைக்குக் கருவியை விடப் பொறுமைதான் தேவை. பாக்டீரியாவுக்குத் தட்டை 30 முதல் 35 டிகிரியில் ஐந்து நாள் வரை வைக்க வேண்டும், பூஞ்சைக்கு 20 முதல் 25 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள். இந்த ஐந்து நாளில்தான் கம்பெனியின் குணம் தெரியும். மாதக் கடைசி, விற்பனை இலக்கு, வெளியே வண்டி நிற்கிறது. "மேடம், மத்த எல்லாம் பாஸ்தானே, இதுவும் பாஸாகத்தான் போகுது, கையெழுத்தைப் போட்டுடுங்க" என்பார்கள். நான் போடாமல் வண்டி மூன்று நாள் நின்றதும் உண்டு. வேறொரு இடத்தில் நான் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த வாரத்தில் வண்டி போய்விட்டதும் உண்டு. அந்த பேட்ச் கடைசியில் பாஸானது, அதனால் அங்கே யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் எந்த ஆய்வகமும் கை விரித்துவிடும்: தேடாதது தெரியாது. 1989-இல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபான் என்ற அமினோ அமில மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தசை வலியும் ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுப் பெருக்கமும் வந்தன. 1500 பேருக்கு மேல் பாதிப்பு, முப்பதுக்கும் மேற்பட்ட சாவு. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஜப்பானில் ஒரே உற்பத்தியாளரின் சரக்கு. அவர்கள் நொதிக்கும் பாக்டீரியா ரகத்தை மாற்றியிருந்தார்கள், வடிகட்டும் கார்பனின் அளவையும் குறைத்திருந்தார்கள். பொருளின் தூய்மை 99 சதவீதத்துக்கு மேல். மிச்சத்தில் இருந்த எது ஆளைக் கொன்றது என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை. அதேபோல எடைக் குறைப்பு மாத்திரையில் சிபுட்ரமின், ஆண்மைப் பெருக்கக் கேப்ஸ்யூலில் சில்டெனஃபில் என்று மருந்தையே ரகசியமாகக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான சோதனைப் பட்டியலில் அவை இருக்காது, அதனால் அத்தனை வரியும் பாஸ் என்றே வரும். சாப்பிட்ட மூன்றாம் நாளே வேலை செய்கிற மூலிகை என்றால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

இப்போது உங்கள் கியூஆர் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். திறந்ததும் பேட்ச் எண்ணைப் பாருங்கள், டப்பாவின் அடியில் இருப்பதோடு ஒத்திருக்கிறதா. பாதிப் பேர் இங்கேயே மாட்டுவார்கள்; எல்லா டப்பாவுக்கும் போன வருடத்து ரிப்போர்ட் ஒன்றையே காட்டுவார்கள். அடுத்தது தேதி: ரிப்போர்ட் தேதி தயாரிப்புத் தேதிக்கு முந்தையதாக இருந்தால் சிரித்துவிட்டு மூடிவிடலாம். ஆய்வகங்களை மதிப்பிடும் அமைப்பான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு இருந்தால் ரிப்போர்ட்டில் யூஎல்ஆர் என்று ஒரு தனி எண் இருக்கும். ஆனால் அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் கிடையாது, சோதனை வாரியாகத்தான். ஈயத்துக்கு அங்கீகாரம் வாங்கிய ஆய்வகம் வித்தனோலைடுக்கு வாங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். 'கம்ப்ளைஸ்' என்று மட்டும் எழுதி எண் தராத வரிகளையும், முறை எழுதாத வரிகளையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். கடைசியாக, பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: சாம்பிளை எடுத்தது ஆய்வகம் அல்ல, வாடிக்கையாளர் கொடுத்தது, முடிவு அந்தச் சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும் என்று. அநேகமாக எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும், அதில் குற்றம் எதுவும் இல்லை. கம்பெனி நல்ல டப்பாவாகப் பார்த்து அனுப்பியிருந்தாலும் ஆய்வகம் உண்மையைத்தான் எழுதியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். விளையாட்டு வீரர்களுக்கான இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரைகள் இதைவிட ஒரு படி மேல், ஒவ்வொரு பேட்ச்சையும் ஊக்கமருந்துக்காகச் சோதிக்கிறார்கள். ஆனால் அது ஊக்கமருந்துக்கான முத்திரை, புரத அளவுக்கு உத்தரவாதம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் வாங்கும்போது செய்வது ஒன்றுதான். டப்பாவில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு பேட்ச் எண்ணோடு ஒரு மெயில் போடுவேன்: இந்த பேட்ச்சின் சிஓஏ (சோதனை முடிவுச் சான்றிதழ்) வேண்டும், புரதத்துக்கு அமினோ அமிலப் பட்டியலும் வேண்டும் என்று. ரெண்டு நாளில் எண்களோடு பதில் வந்தால் வாங்குகிறேன். "எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உயர்ந்த தரத்தில்" என்று ஆரம்பித்தால் அடுத்த கம்பெனி. அம்மா விஷயத்தில் மட்டும் என் எல்லையைத் தாண்டி ஒரு வார்த்தை: அவருக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது என்றால், அஸ்வகந்தா டப்பாவைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அது தைராய்டு ஹார்மோன் அளவை மாற்றக்கூடியது. என் ஆய்வகம் பாஸ் போட்ட டப்பாவாக இருந்தாலும் காட்டத்தான் வேண்டும்.